வெறிச்சோடிய நகர மையத்துக்கு ஆட்கள் திரும்பி வர என்ன செய்யலாம்?

நடுத்தர நகரம் ஒன்றின் மையப் பகுதி காலியாகிக் கிடப்பதைப் பார்த்தால், ‘காலம் மாறிப்போச்சு, யாரால் என்ன செய்ய முடியும்’ என்றுதான் முதலில் தோன்றும். எல்லோரும் காருக்குப் பழகிவிட்டார்கள், ஊருக்கு வெளியே பெரிய அங்காடிகள் வந்துவிட்டன, மிச்சம் இருந்த வியாபாரத்தை இணையம் எடுத்துக்கொண்டது. இதெல்லாம் உண்மைதான், ஆனால் பாதி உண்மை. எந்தப் பக்கம் சாலை போடுவது, எந்த நிலத்தில் எதைக் கட்ட விடுவது, யாருக்கு வரிச்சலுகை தருவது என்று அரசுகள் எடுத்த முடிவுகள்தான் நகர மையத்தைப் பெருமளவு காலி செய்தன. அதனால் அரசுகள் வேறு முடிவுகள் எடுத்தால் நிலைமையை மாற்றவும் முடியும். பல ஊர்கள் மாற்றியும் காட்டியிருக்கின்றன. அந்த முடிவுகள் என்னென்ன, எது பலித்தது, எது பலிக்கவில்லை, ஏன் என்பதை முதல்முறை படிப்பவருக்கும் புரியும்படி சொல்லப் பார்க்கிறேன்.

நகர மையம் என்று இங்கே சொல்வது பழைய கடைவீதி, நகர மன்றம், நூலகம், திரையரங்கு, வங்கி, ரயில் நிலையம் எல்லாம் நெருங்கி இருக்கும் அந்தச் சில தெருக்களை. நடுத்தர நகரம் என்பதற்கு உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட அளவு கிடையாது. சில பத்தாயிரம் பேரிலிருந்து சில லட்சம் பேர் வரை வசிக்கும் ஊர் என்று வைத்துக்கொள்ளலாம். இவற்றைத் தனியாகப் பார்க்கக் காரணம் இருக்கிறது. பெருநகரத்தில் இடத்துக்கு எப்போதும் ஆள் இருக்கும். சின்ன ஊரில் ஒரே ஒரு கடைத்தெரு, பத்துப் பேர் சேர்ந்து மனது வைத்தால் ஏதாவது நடக்கும். நடுத்தர நகரத்தில் சுற்றிலும் மலிவான நிலம், எங்கிருந்தும் எங்கும் காரில் சில நிமிடப் பயணம், மையத்தில் குறைந்த வாடகை. இந்தக் குறைந்த வாடகை பார்க்க நல்லது போலத் தெரியும். உண்மையில் பெரிய சிக்கல் அங்கேதான் இருக்கிறது. அதைக் கொஞ்சம் கழித்து விரிவாகப் பார்ப்போம்.

முதலில், மையம் எப்படிக் காலியானது? அமெரிக்காவில் இது மிகத் தெளிவாகத் தெரியும். 1956-ல் மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது. செலவில் 90 சதவீதத்தை மத்திய அரசே ஏற்றதால் மாநிலங்களும் நகரங்களும் கேள்வி கேட்காமல் சாலை போட்டன, பல இடங்களில் நகர மையத்தை அறுத்துக்கொண்டே போட்டன. அதே 1956-ல் மினசோட்டா மாநிலத்தின் எடைனா என்ற ஊரில் சவுத்டேல் என்ற வணிக வளாகம் திறந்தது. முழுக்கக் கூரை போட்டு, உள்ளே குளிரும் வெயிலும் தெரியாமல் கட்டிய முதல் ஷாப்பிங் மால் அதுதான். வடிவமைத்தவர் விக்டர் க்ரூயன், 1938-ல் நாஜிகளுக்குத் தப்பி வியன்னாவை விட்டு வந்தவர். வியன்னா வீதிகளில் மக்கள் நடந்து, நின்று, பேசிப் பழகுவதைப் போல ஓரிடம் புறநகருக்கும் வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. கிடைத்தது என்னவோ, நாலு பக்கமும் கார் நிறுத்துமிடம் சூழ்ந்த ஒரு பெட்டி. அது நகர மையத்தின் வாடிக்கையாளர்களை இழுத்துக்கொண்டது.

மையங்கள் அப்போது செய்த பதில் வேலை நிலைமையை இன்னும் மோசமாக்கியது. மாலில் பார்க்கிங் தாராளமாக இருக்கிறது, நாமும் தருவோம் என்று பழைய கட்டடங்களை இடித்து வண்டி நிறுத்துமிடம் ஆக்கினார்கள். வண்டிகள் வேகமாக வந்துபோகட்டும் என்று தெருக்களை ஒருவழிப் பாதைகளாக்கினார்கள். இடிக்க இடிக்க, வருவதற்கான காரணம் குறைந்துகொண்டே வந்தது.

க்ரூயனிடமே மாற்று மருந்தும் கேட்டார்கள். மிச்சிகனின் கலமசூ நகரில் 1959-லும், கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில் 1964-லும், அவர் திட்டப்படி கடைவீதிக்குள் கார்களைத் தடுத்து நடைவீதி ஆக்கினார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் ஏராளமான ஊர்கள் இதையே செய்தன. பெரும்பாலானவை பின்னர் கைவிட்டன. கலமசூ 1998-ல் ஒரு பகுதியில் மறுபடி கார்களை விட்டது, ஃப்ரெஸ்னோ 2017-ல் விட்டது. ஆனால் கொலராடோவின் போல்டரில் 1977-லும் வெர்மான்ட்டின் பர்லிங்டனில் 1981-லும் தொடங்கிய நடைவீதிகள் இன்றும் கலகலப்பாக இருக்கின்றன. ஸ்பெயினின் பொன்தெவேத்ரா 1999-லிருந்து தன் மையத்தில் கார்களை வெகுவாகக் குறைத்து, இன்று உலகமே போய்ப் பார்க்கும் ஊராகிவிட்டது.

ஒரே கொள்கை இரண்டு இடத்தில் இப்படி எதிரெதிராகப் போவது ஏன்? பர்லிங்டனிலும் போல்டரிலும் பக்கத்திலேயே பல்கலைக்கழகம். பொன்தெவேத்ராவில் கடைகளுக்கு மேலேயும் பின்னாலும் மக்கள் குடியிருக்கிறார்கள். கார் இல்லாமலே வந்து சேரும் ஆட்கள் அங்கே ஏற்கெனவே இருந்தார்கள். ஃப்ரெஸ்னோவில் கார் போனதும் யாரும் மிஞ்சவில்லை. நடைவீதி நல்ல யோசனைதான். ஆனால் அது இருக்கும் ஆட்களுக்கு வசதி செய்து தரும், புதிதாக ஆட்களை உண்டாக்காது. நகர மையக் கொள்கைகளில் எதைப் படித்தாலும் இந்தக் கேள்வியை முதலில் கேட்கலாம்: மாலை ஆறு மணிக்குப் பிறகு அங்கே யார் இருப்பார்கள்?

மாடியில் ஆள் குடியேற வேண்டும்

அந்தக் கேள்விக்கு உறுதியான விடை, குடியிருப்பு. அலுவலக ஊழியர் மதியம் ஒரு மணி நேரம் வெளியே வருவார். சுற்றுலாப் பயணி பருவத்தில் வருவார். மாடியில் குடியிருப்பவர் மருந்து வாங்க, முடிவெட்ட, நாயை நடத்திக்கொண்டு போக, மழை நாளிலும் இறங்கி வருவார். மையத்தில் வீடுகள் வேண்டும் என்று எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். அப்படியென்றால் அந்தப் பழைய கட்டடங்களின் மாடிகள் ஏன் பூட்டியே கிடக்கின்றன?

இங்கேதான் குறைந்த வாடகை குறுக்கே வருகிறது. ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். கூரை, குழாய், மின்கம்பி, லிப்ட் எல்லாம் மாற்றி வீடாக்க 100 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வேலை முடிந்தபின் அந்த ஊர் வாடகையை வைத்துக் கணக்குப் போட்டால் கட்டடத்தின் மதிப்பு 70 ரூபாய்தான் வருகிறது. வங்கி 70 ரூபாய் மதிப்பைப் பார்த்துத்தான், அதிலும் ஒரு பங்குதான் கடன் தரும். 70 ரூபாய் வரை குறைவதை உரிமையாளரே போட்டாலும், மதிப்பாகத் திரும்பி வராத மீதி 30 ரூபாயை யார் தருவது? பெருநகரத்தில் இந்தப் பள்ளம் இல்லை, வாடகையே ஈடுகட்டிவிடும். நடுத்தர நகரத்தில் உரிமையாளர் நல்லவராக இருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதுதான் அவருக்குக் கட்டுப்படியாகும். உரிமையாளரைக் குறை சொல்லி எழுதும் பலர் இந்தக் கணக்கைப் பார்ப்பதே இல்லை.

கொள்கையின் வேலை அந்த 30 ரூபாய்ப் பள்ளத்தை நிரப்புவது. அதற்குப் பல வழிகள் உண்டு. அமெரிக்காவில், பதிவான வரலாற்றுக் கட்டடத்தை விதிப்படி புதுப்பித்தால் தகுதியான செலவில் 20 சதவீதம் மத்திய வருமான வரியில் கழியும். பல மாநிலங்கள் அதன்மேல் தங்கள் பங்கையும் சேர்க்கின்றன. சில ஊர்கள் புதுப்பித்த கட்டடத்துக்குச் சில ஆண்டுகள் சொத்து வரியை ஏற்றாமல் வைத்திருக்கும். குறைந்த வட்டியில் இரண்டாம் கடன் தரும் ஊர்களும் உண்டு. பள்ளம் நிரப்புவது நிரந்தர மானியம் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். முதல் பத்துக் கட்டடங்களில் ஆட்கள் குடியேறியதும் தெருவின் வாடகை கொஞ்சம் உயரும், பள்ளம் சுருங்கும், பதினோராவது கட்டடத்துக்குக் குறைவாகவே உதவி தேவைப்படும்.

பணம் மட்டும் தடை இல்லை. பழைய கடைவீதிகளில் ஒரு கட்டடத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். முன்பு தெருவிலிருந்து மாடிக்குப் போக ஓரமாக ஒரு தனிக் கதவும் படிக்கட்டும் இருந்திருக்கும். எப்போதோ கடைக்காரர் கண்ணாடி முகப்பை அகலமாக்கக் கதவை அடைத்து, படிக்கட்டு இருந்த இடத்தையும் கடைக்குள் சேர்த்துக்கொண்டிருப்பார். இப்போது மாடிக்குப் போக வேண்டுமானால் கடைக்குள் நுழைந்துதான் போக வேண்டும். அங்கே யார் குடியிருப்பார்கள்? கீழ்க்கடை அகலத்தில் ஒன்றரை மீட்டரை விட்டுக்கொடுத்தால் மேலே இரண்டு மூன்று வீடுகள் திரும்பக் கிடைக்கும். பிரான்சில் படிக்கட்டை மீட்கும் இந்த வேலைக்கென்றே உதவி தரும் நகரங்கள் உண்டு.

அப்புறம் கட்டட விதிகள். புதுக் கட்டடத்துக்காக எழுதிய விதியை நூறு வயதுக் கட்டடத்தின் மேல் அப்படியே போட்டால், ஒரு சுவரைத் தொட்டதற்கே முழுக் கட்டடத்தையும் மாற்று என்பார்கள். நியூ ஜெர்சி மாநிலம் 1998-ல் பழைய கட்டடங்களுக்கென்று தனி விதித்தொகுப்பு கொண்டுவந்தது. எவ்வளவு வேலை செய்கிறாயோ அந்த அளவுக்குத்தான் விதி என்பது அதன் அடிப்படை. தீப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்காமலே செலவு குறைந்தது. ஒரு பைசா மானியம் இல்லாமல் நடந்த சீர்திருத்தம் இது. கொண்டாட வேண்டிய இப்படிப்பட்ட வேலைகள் செய்திகளில் வருவதே இல்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

காலிக் கடைகள்

கடை பல மாதம் காலியாக இருந்தும் உரிமையாளர் வாடகையை ஏன் குறைக்க மாட்டேன் என்கிறார்? கட்டடத்தின் மதிப்பே அது ஈட்டும் வாடகையை வைத்துத்தான் கணக்காகிறது. ஒரு கடையைக் குறைந்த வாடகைக்கு ஐந்து ஆண்டு ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தால், மதிப்பு தாளிலேயே இறங்கிவிடும், வங்கிக் கடன் இருந்தால் அதுவும் சிக்கல். காலியாக வைத்திருந்தால், நாளை நல்ல வாடகைக்கு ஆள் வரும் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நகரம் இந்த முடிச்சை அழகாக அவிழ்த்தது. 2008 வாக்கில் அதன் முக்கியத் தெருக்களில் சுமார் 150 கட்டடங்கள் காலி. அங்கே பிறந்து வளர்ந்த மார்க்கஸ் வெஸ்ட்பரி தொடங்கிய ‘ரின்யூ நியூகாசில்’ அமைப்பு, உரிமையாளர்களிடம் வாடகை ஒப்பந்தமே கேட்கவில்லை. முப்பது முப்பது நாளாக நீளும் ஒரு பயன்பாட்டு அனுமதி மட்டும் கேட்டது. உண்மையான வாடகைதாரர் வந்தால் முப்பது நாளில் காலி செய்துவிடுவோம் என்றது. ஒப்பந்தம் இல்லாததால் மதிப்பு இறங்கவில்லை, உரிமையாளர் எதையும் இழக்கவில்லை. கைவினைஞர்கள், நகை செய்பவர்கள், ஓவியர்கள், சிறு பதிப்பாளர்கள் என்று வேறெங்கும் கடை எடுக்க முடியாதவர்கள் உள்ளே வந்தார்கள். சிலர் பிறகு சொந்தமாக வாடகை கொடுத்துத் தொழில் நடத்தும் அளவுக்கு வளர்ந்தார்கள். காப்பீடும் சட்ட வேலையும் அந்த அமைப்பின் தலையில். இதில் பெரிய பணமே இல்லை. ஒப்பந்தத்தின் வடிவத்தை மாற்றியதுதான் முழுக் கொள்கையும்.

பார்க்கிங் விஷயத்திலும் இப்படி ஒரு பாடம் உண்டு. கலிபோர்னியாவின் பாசடீனா நகரில் பழைய மையம் வெகுகாலம் நலிந்து கிடந்தது. தெருவில் வண்டி நிறுத்தக் கட்டணம் கிடையாது, ஆனால் வாடிக்கையாளருக்கு இடமே கிடைக்காது. காலையிலேயே கடை ஊழியர்கள் வந்து நல்ல இடங்களில் நாள் முழுக்க நிறுத்திவிடுவார்கள். மீட்டர் வைக்கலாம் என்றபோது, இருக்கும் வாடிக்கையாளரும் ஓடிவிடுவார் என்று கடைக்காரர்கள் எதிர்த்தார்கள். வசூலாகும் பணம் முழுக்க அதே பகுதிக்குத் திரும்ப வரும் என்று நகர நிர்வாகம் உறுதி கொடுத்ததும் மனம் மாறினார்கள். 1993-ல் மணிக்கு ஒரு டாலர் வீதம் மீட்டர்கள் வந்தன. அந்த வருமானத்தை நம்பிக் கடன் வாங்கி நடைபாதை, விளக்கு, மரம், பின்சந்துகள் எல்லாம் சீரானது. ஊழியர்கள் தள்ளி நிறுத்தத் தொடங்கினார்கள், கடை வாசலில் இடம் சுழன்றது, விற்பனை ஏறியது. இலவசப் பார்க்கிங் இருந்தால்தான் மையம் பிழைக்கும் என்று இன்னும் நம்பும் நகர மன்றங்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ இன்னொரு படி போய், ஒவ்வொரு புதுக் கட்டடமும் இத்தனை வண்டிக்கு இடம் விட்டே ஆக வேண்டும் என்ற விதியை 2017-ல் நீக்கியது. அந்த விதி இருக்கும்வரை சின்ன மனையில் வீடு கட்டவே முடியாது.

வெளிவட்டத்தை மறந்தால்

மையத்தில் கோடிகளைக் கொட்டிக்கொண்டே, சுற்றுச்சாலையில் இன்னொரு மாலுக்கு அனுமதி தருவது தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் வேலை. நடுத்தர நகரத்தில் வாங்கும் ஆட்களின் எண்ணிக்கை அவ்வளவு சீக்கிரம் வளராது. வெளியே ஒரு பெரிய அங்காடி திறந்தால் அதன் வியாபாரத்தில் பெரும்பகுதி உள்ளே யாரோ ஒருவரிடமிருந்துதான் வர வேண்டும்.

நகர மன்றங்கள் ஏன் அனுமதி தருகின்றன? வரி வரும் என்ற நம்பிக்கையில். ஆனால் அந்த வரிக் கணக்கே பல இடங்களில் தவறாகப் போடப்படுகிறது. வட கரோலினாவின் ஆஷ்வில் நகரில் ஒரு ஒப்பீடு செய்தார்கள். ஊருக்கு வெளியே 34 ஏக்கரில் இருந்த பெரும் தள்ளுபடி அங்காடி, ஆண்டுக்கு ஏக்கருக்குச் சுமார் 6,500 டாலர் சொத்து வரி கட்டியது. மையத்தில் ஐந்தில் ஒரு ஏக்கர்கூட இல்லாத, கீழே கடையும் மேலே வீடும் கொண்ட ஒரு பழைய கட்டடம் அதே ஏக்கர் கணக்கில் 6,34,000 டாலர் கட்டியது. சாலை, குழாய், சாக்கடை எல்லாம் பரப்பளவுக்குத் தகுந்து நீளும் செலவுகள். அதனால் மொத்த வரியைப் பார்க்காமல் ஏக்கருக்கு எவ்வளவு என்று பார்ப்பதுதான் சரியான கணக்கு.

பிரான்ஸ் இதைத் தேசிய அளவில் கையாண்டது. 2018-ல் ‘ஆக்சியோன் கெர் த வில்’ என்ற திட்டத்தில் 222 நடுத்தர ஊர்களின் மையங்களை எடுத்துக்கொண்டு ஐந்து ஆண்டுக்கு ஐந்நூறு கோடி யூரோ ஒதுக்கியது. வீடு, கடை, போக்குவரத்து, பொது இடம், அரசுச் சேவை எல்லாம் ஒரே திட்டத்துக்குள். என் பார்வையில் பணத்தைவிட முக்கியமானது அதே ஆண்டு நவம்பரில் வந்த சட்டம். ஊரும் அரசும் மையத்துக்காக ஒப்பந்தம் போட்டிருந்தால், ஊருக்கு வெளியே வரும் பெரிய வணிகத் திட்டங்களை அரசின் மாவட்டப் பிரதிநிதி சில ஆண்டுகள் நிறுத்திவைக்கலாம். மையத்துக்குள் திறக்கும் கடைக்கோ வணிக அனுமதி வாங்கும் அலைச்சல் இல்லை. உள்ளே வழியை எளிதாக்கி வெளியே கடினமாக்கியது, அதுவும் ஒரே சட்டத்தில்.

பெரிய கட்டடம் ஒன்று போதுமா?

அரங்கமோ மாநாட்டு மையமோ ஒன்று கட்டிவிட்டால் மையம் எழுந்துவிடும் என்ற ஆசை எல்லா ஊரிலும் உண்டு. ஜப்பானின் அவோமோரி நகரம் 2001-ல் ரயில் நிலையத்துக்கு எதிரே ‘அவுகா’ என்ற பெரிய கட்டடத்தைத் திறந்தது. கீழே கடைகள், மேலே நகர நூலகம். நூலகத்துக்கு நிறையப் பேர் வந்தார்கள். ஆனால் கடைத் தளங்கள் நட்டத்திலேயே ஓடி 2017-ல் மூடின, நகர அலுவலகங்கள் அந்த இடத்துக்கு வந்தன. அதே ஜப்பானில் தொயாமா வேறு வழியில் போனது. 2006-ல் ஒரு பழைய ரயில் தடத்தை அடிக்கடி ஓடும் டிராம் பாதையாக்கியது, 2009-ல் மையத்தைச் சுற்றி வட்டப்பாதை போட்டது. 65 வயதைக் கடந்தவர்கள் மையத்துக்குக் குறைந்த கட்டணத்தில் வந்துபோக அட்டை கொடுத்தது, பாதையோரம் குடியேறுவோருக்கு உதவித்தொகை தந்தது.

பெரிய வேலையே வேண்டாம் என்று சொல்லவில்லை. தென் கரோலினாவின் கிரீன்வில்லைப் பாருங்கள். 1970-களில் அதன் மேயர் மேக்ஸ் ஹெல்லர். அவரும் க்ரூயனைப் போலவே 1938-ல் வியன்னாவிலிருந்து தப்பி வந்த யூதர். அவர் காலத்தில் நாலு வழியாக இருந்த மெயின் தெருவை இரண்டு வழியாகக் குறுக்கி, நடைபாதையை அகலமாக்கி மரம் நட்டார்கள். கார்களை முழுக்க விரட்டாமல் மெதுவாக்கினார்கள். 1982-ல் தெருவின் ஒரு முனையில் நகரமும் தனியாரும் சேர்ந்து ஹோட்டல் கட்டினார்கள். 1990-ல் கலையரங்கம் வந்தது. நகரத்துக்குள்ளேயே ஓர் அருவி, அதன்மேல் கட்டிய வாகனப் பாலத்தால் கண்ணில் படாமல் இருந்தது. 2002-ல் பாலத்தை எடுத்தார்கள், 2004-ல் நடப்பவர்களுக்கான பாலமும் பூங்காவும் வந்தன. அருவியை மீட்டது பெரிய வேலைதான். ஆனால் அதற்கு முன்பே ஏறக்குறைய கால் நூற்றாண்டாக மரங்கள் வளர்ந்திருந்தன, தெருவில் ஆட்கள் இருந்தார்கள். பல மேயர்கள் மாறியும் யாரும் முந்தையவரின் திட்டத்தைத் தூக்கி எறியவில்லை.

அந்தத் தொடர்ச்சியைக் காக்க ஓர் அமைப்பு வேண்டும். டொராண்டோவின் ப்ளூர் வெஸ்ட் வில்லேஜ் பகுதியில் 1970-ல் தொடங்கிய முறை இன்று உலகம் முழுக்க இருக்கிறது. ஒரு வணிகப் பகுதியில் பெரும்பான்மையினர் ஒப்புக்கொண்டால் எல்லோர் மீதும் ஒரு சிறு கூடுதல் வரி, அந்தப் பணம் அந்தப் பகுதியின் துப்புரவு, விளக்கு, விழாக்களுக்கு. கட்டாயம் இல்லாவிட்டால் நாலு பேர் செலவழிக்க நாற்பது பேர் பலன் அனுபவிப்பார்கள், சீக்கிரமே அந்த நாலு பேரும் விலகிவிடுவார்கள். அமெரிக்காவில் 1977-ல் மூன்று சிற்றூர்களில் சோதனையாகத் தொடங்கி 1980-ல் தேசிய அளவுக்கு விரிந்த ‘மெயின் ஸ்ட்ரீட்’ திட்டம், கடைவீதிக்கென்றே முழுநேர மேலாளர் ஒருவரை வைக்கச் சொல்கிறது. காலையில் எழுந்ததும் அந்தத் தெருவைப் பற்றி மட்டும் யோசிக்கும் ஒருவருக்குச் சம்பளம் தருவது, அழகுக்காகத் தெருவில் சிற்பம் வைக்கும் பல திட்டங்களைவிட நல்ல முதலீடு.

சரி, எல்லாம் பலித்து மையம் எழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வாடகை ஏறும். கெட்ட காலத்திலும் கடையைத் திறந்து வைத்திருந்தவர்களும், மலிவு என்று மாடியில் குடியிருந்தவர்களும்தான் முதலில் வெளியேற வேண்டியிருக்கும். இது பின்னால் பார்த்துக்கொள்ளும் விஷயம் இல்லை, ஏனென்றால் விலை ஏறியபின் நகரத்தின் கையில் கருவிகள் குறைவு. விலை அடிமட்டத்தில் இருக்கும்போதே நகர நிர்வாகமோ லாப நோக்கற்ற அறக்கட்டளையோ சில கட்டடங்களை வாங்கி வைத்துக்கொள்ளலாம். புதுப்பிக்க மானியம் தரும்போதே, சில வீடுகளின் வாடகை இத்தனை ஆண்டு இதற்கு மேல் போகக்கூடாது என்று பத்திரத்தில் எழுதிவிடலாம். பழைய கடைக்காரருக்கு நீண்ட ஒப்பந்தம் தருவதையும் அதே மானியத்தின் நிபந்தனையாக வைக்கலாம். பணத்தைக் கொடுக்கும் நாளில் உரிமையாளர் இதற்கெல்லாம் கையெழுத்துப் போடுவார். பத்து ஆண்டு கழித்துப் போய்க் கேட்டால் போட மாட்டார்.